மூணாவது முடிச்சவன் ரெண்டாவதில்

மூணாவது முடித்தவனைத் திரும்ப ரெண்டாவதில் போட்டுவிட்டார்கள் என்பதுதான் எங்கள் தெருவில் முதலில் பரவிய செய்தி. நான் பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன் என்கிற செய்தி அதற்குப் பின்னால், யாருக்கும் அவசரமில்லாமல், மெதுவாக வந்து சேர்ந்தது.

ஆரம்பித்து வைத்தவர் அப்பா. வேண்டுமென்று செய்யவில்லை. நான் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருந்தேன். கலந்தாய்வில் புதுக்கோட்டைக்கு வெளியே உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. அன்று சாயங்காலம் அப்பா மண்டியிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். ஆலங்குடியில் ஒரு தேங்காய் மண்டியில் அவருக்கு மட்டை உரிக்கிற வேலை. எந்த வகுப்பு என்று கேட்டார். செகண்ட் இயர் என்றேன்.

"செகண்டுன்னா ரெண்டாவதுதான?"

"ஆமாப்பா."

"இப்ப நீ முடிச்சது மூணாவது."

"ஆமா."

"பாஸ்தான பண்ணுன?"

"நல்ல மார்க்குலதாம்ப்பா பாஸு."

"அப்பறம் எதுக்குடா ரெண்டாவதுல போட்டாக?"

அவரிடம் கோபம் இல்லை. எங்கோ ஏமாற்றப்பட்டவரைப் போல மெதுவாகக் கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். வகுப்பு என்றால் ஒன்றுக்குப் பிறகு இரண்டு, இரண்டுக்குப் பிறகு மூன்று என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கில் கீழே இறங்குகிறவன் தோற்றவன்.

நான் பஸ்ஸை வைத்து விளக்கினேன். டிப்ளமோ ஒரு பஸ், அது புதுக்கோட்டையோடு நின்றுவிடும். பொறியியல் வேறு பஸ், நாலு வருஷம் ஓடும். இந்த பஸ்ஸில் வந்தவர்களை அந்த பஸ்ஸில் முதல் ஸ்டாப் தாண்டி ஏற்றிக்கொள்கிறார்கள்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தபடி யோசித்தார். "நடுவுல ஏறுனா ஒக்கார எடம் கெடைக்காதுடா" என்றார்.

மறுநாள் மண்டியில் யாரோ கேட்டிருக்கிறார்கள். அப்பாவும் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே எதிர்வீட்டு அத்தை அம்மாவிடம் வந்து, "என்னாத்தா, ஒம் மயன திருப்பி ரெண்டாவதுல போட்டுட்டாகளாமுல்ல?" என்று துக்கம் கேட்கிற குரலில் கேட்டார். அதற்குப் பிறகு அப்பா உள்ளதைச் சொல்வதை நிறுத்திவிட்டார். "பெரிய காலேஜுல டிரெய்னிங்கு குடுக்குறாக" என்று மண்டியில் சொல்லிக்கொண்டார். எந்த வருஷம் என்ற பேச்சு வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

அவர் தயங்கியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்க்கிறார். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. வீட்டுக்கு ஒருவர் இல்லையென்றால் இரண்டு வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார். நான் டிப்ளமோ சேர்ந்த நாளிலிருந்தே மாமா சொல்லிவந்தார்: "மாப்ள, அதை மட்டும் கையில வாங்கு. மத்தத நான் பாத்துக்குறேன்." வாங்கியாயிற்று. பாஸ்போர்ட்டும் எடுத்தாயிற்று. அடுத்து விமானம்தான் என்று எல்லோரும் நினைத்திருந்த நேரத்தில்தான் நான் இன்னும் படிக்க வேண்டும் என்றேன்.

ஏன் என்று அப்பா கேட்டபோது என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன். டிப்ளமோ கடைசி வருஷம் பயிற்சிக்காக எங்களைத் திருச்சி பக்கம் ஒரு பட்டறைக்கு அனுப்பினார்கள். பெரிய கொதிகலன்களுக்கான பாகங்கள் செய்கிற இடம். ஒரு தகட்டை வரைபடத்தில் இருந்த தடிமனுக்குக் கடைந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த சூப்பர்வைசரிடம், "ஏண்ணே இவ்வளவு தடிமன்? இதுல பாதி இருந்தாப் பத்தாதா?" என்று கேட்டேன். "டிராயிங்ல இருக்கு, போடு" என்றார். டிராயிங்கில் யார் போட்டது என்றேன். அவர் கையை மேலே காட்டினார். மாடியில் கண்ணாடி அறை இருந்தது. அங்கே இருப்பவர்களுக்கு அந்த ஏன் தெரியும் என்று நினைத்தேன். எனக்கும் தெரிய வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். இதைப் போய் சிங்கப்பூருக்கு எதிராக எப்படி நிறுத்துவது?

கடைசியில் அப்பாவே ஒரு தீர்ப்பு சொன்னார். "ஒரு பரீச்ச பாப்போம். எல்லாத்துலயும் பாஸுன்னா நீ படி. ஒண்ணு போச்சுன்னாலும் மாமாகிட்ட போயிரணும். சரியா?"

சரி என்றேன். அம்மா மட்டும், "கப்பல் எங்கிட்டும் ஓடிறாது. இன்னும் கட்டிக்கிட்டுத்தான இருக்காக" என்று சொல்லிவிட்டுக் கடலை ஆயப் போய்விட்டார்.

கல்லூரியில் அப்பா சொன்னது சரியாக இருந்தது. நடுவில் ஏறியவர்களுக்கு உட்கார இடம் இல்லை. பெஞ்சு இருந்தது, கடைசி பெஞ்சு. வருகைப் பதிவேட்டில் எங்கள் எண்கள் மொத்த வகுப்புக்கும் பின்னால் ஒட்டவைத்ததுபோல் வந்தன. மற்றவர்கள் எல்லோரும் ஒரு வருஷம் ஒன்றாக இருந்தவர்கள். "அன்னைக்கு கெமிஸ்ட்ரி லேப்ல நடந்துச்சே" என்று ஒருவன் ஆரம்பித்தாலே வகுப்பு சிரித்துவிடும். என்ன நடந்தது என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது. நாங்களும் சிரிப்போம், கொஞ்சம் தாமதமாக. எங்களுக்கு வைத்த பெயர் 'லேட்டரலு'. நேரடியாக இரண்டாம் வருஷம் சேருவதற்கு ஆங்கிலத்தில் சொல்கிற பெயரில் பாதி அது.

எங்களுக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்த இடம் லேத் பட்டறை. பன்னிரண்டாவது முடித்து வந்தவர்கள் லேத்தைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். மூன்று வருஷம் அதன் முன்னால் நின்ற எனக்கு அது பழகிய மாடு. திருமயம் பக்கத்துக்காரன் ஒருவன் என் பேட்சில் இருந்தான். ஊரில் அவர்களுக்குப் பெரிய வீடு பூட்டிக் கிடக்கிறது, வியாபாரம் எல்லாம் சென்னையில். கணக்கில் புலி. லேத்தின் பிடியான சக்கில் மாட்டிய இரும்பு நடுவில் நிற்காமல் ஆடுவதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"டேய் லேட்டரலு, இது என்னடா குடிகாரன் மாதிரி ஆடுது?"

"நீ மாட்டுன மாட்டுக்கு அது நிக்கிறதே பெருசு. தள்ளு."

"மச்சி, இந்த ஜாப நீ முடிச்சுக் குடு. மேத்ஸ் அசைன்மென்ட நான் முடிச்சுத் தாரேன்."

நியாயமான பண்டமாற்றாகத்தான் தெரிந்தது. அவன் ஜாப் பளபளவென்று போனது, என் அசைன்மென்ட் பளபளவென்று போனது. முதல் உள்தேர்வு வரும்வரை இருவருமே சந்தோஷமாக இருந்தோம்.

டிப்ளமோவில் கணக்கு எப்படிப் படித்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். கேள்விகள் வகைவகையாக வரும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு கணக்கை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மனப்பாடம் செய்துவிட வேண்டும். செய்யுள் மாதிரி. பாட்டில் எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் என்று தெரிவதுபோல எந்த வரிக்குப் பின் எந்த வரி என்று தெரியும். அதில் நான் கெட்டிக்காரன். அந்தப் பரீட்சைக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

உள்தேர்வில் எனக்குத் தெரிந்த கணக்குப்போலவே ஒன்று வந்தது. இரண்டு பக்கம் நிறைய அழகாக எழுதினேன். தாளைத் திருப்பித் தரும்போது கணக்கு மேடம் என்னை மட்டும் மேசைக்குக் கூப்பிட்டார்.

"இது எந்தக் கேள்வியோட விடை?"

"மூணாவது கேள்வி மேம்."

"இல்லையே. மூணாவதுல பூஜ்யத்திலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லிருக்கேன். நீங்க வேற எல்லையிலேர்ந்து ஆரம்பிச்சு, அதுக்கு ரொம்பச் சரியா விடை கொண்டு வந்திருக்கீங்க. நான் கேக்காத கேள்விக்கு."

நான் தாளைப் பார்த்தேன். கேள்வியின் முதல் பாதியைப் பார்த்ததும் கை ஓட ஆரம்பித்திருந்தது. மறுபாதியைப் படிக்கவே இல்லை.

மேடம் ஒரு வரியில் விரலை வைத்தார். "இங்கேர்ந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தீங்க?"

"அடுத்த வரி அதுதான் மேம்."

அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. சிரித்திருந்தால் நானும் சிரித்துவிட்டு வந்திருப்பேன். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் ஏதோ நடக்கிறது, அது எல்லோருக்கும் தெரிகிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. தகட்டுக்கு ஏன் இவ்வளவு தடிமன் என்று கேட்டவன், இந்த வரிக்கு ஏன் இந்த வரி என்று ஒருநாளும் கேட்டதில்லை.

திருமயத்துக்காரனிடம் கேட்டேன். சொல்லித்தரத்தான் பார்த்தான். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை, "இது ஃபர்ஸ்ட் இயர்ல நடத்துனாங்கள்ல, அது" என்பான். பிறகு அவனுக்கே ஞாபகம் வந்து, "ஓ, நீ இல்லல்ல" என்பான். அப்போதுதான் முடிவு செய்தேன். எது இல்லையோ அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவது.

மேடம்தான் முதல் வருஷத்தில் ஒரு பிரிவுக்கும் கணக்கு எடுத்தார். அவர்கள் அப்போதுதான் சேர்ந்து பாடம் தொடங்கியிருந்தது. எனக்கு நூலக நேரம் என்று விட்டிருக்கிற வேளையில் அங்கே வந்து உட்காரட்டுமா என்று கேட்டேன்.

"அட்டென்டன்ஸ் கிடையாது. மார்க் கிடையாது. பசங்க சிரிப்பாங்க" என்றார். "வேண்டாம், சந்தேகம்னா ஸ்டாஃப் ரூமுக்கு வாங்க."

"சந்தேகம் வர்ற அளவுக்குக்கூட எனக்குத் தெரியல மேம்."

யோசித்துவிட்டுச் சரி என்றார்.

முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்றது. முன்வரிசைப் பையன் ஒருவன் நடுங்கிக்கொண்டே, "குட் மார்னிங் சீனியர்" என்றான். ராகிங் செய்ய வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். "ஒக்காருங்கடா, நானும் ஒக்காரத்தான் வந்தேன்" என்று சொல்லிக் கடைசி பெஞ்சுக்குப் போனேன். பக்கத்தில் இருந்தவன் கொஞ்சநேரம் கழித்துத் தைரியம் வந்து கேட்டான்:

"அண்ணே, அரியராண்ணே?"

"இன்னும் இல்ல."

அவர்கள் சிரித்தார்கள்தான். ஆனால் சீக்கிரமே என்னால் ஒரு உபயோகம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் கேட்கப் பயந்த சந்தேகங்களை நான் எழுந்து கேட்டேன். எனக்கு அந்த வகுப்பில் இழப்பதற்கு எதுவும் இல்லை. "அண்ணே, அத கேளுங்கண்ணே" என்று முன்பெஞ்சிலிருந்து சாடை காட்டுவார்கள். ஒருநாள் மேடம் ஒரு பெருக்கத்தை இரண்டாகப் பிரித்துத் தொகுக்கிற முறையை, அது எங்கிருந்து வருகிறது என்று கரும்பலகையில் மெதுவாகக் காட்டினார். நான் வருஷக்கணக்காக ஒப்பித்துவந்த சூத்திரம், கடைசி வரியில் வந்து நின்றது. தெருவில் தினமும் பார்க்கிற ஒருவரை அவர் வீட்டுக்குள் போய்ப் பார்த்ததுபோல் இருந்தது.

அந்த நாட்களில் ஒன்றில்தான் அப்பா கல்லூரிக்கு வந்தார்.

பெற்றோர் கூட்டம் மத்தியானம் என்று சொல்லியிருந்தேன். மண்டிக்கு லோடு வராததால் காலையிலேயே பஸ் ஏறிவிட்டார். வாசலில் காவலாளி, பையன் எந்த வருஷம் என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க அப்பாவுக்குப் பழகிப்போயிருந்தது. "இந்த வருஷந்தாங்க சேந்தான்" என்றிருக்கிறார். அப்படியென்றால் முதல் வருஷக் கட்டடம் என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டார் காவலாளி.

அப்பா ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு ஜன்னலில், சின்னப் பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். நான் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மணி அடித்து வெளியே வந்தபோது புங்கமரத்தடியில் அவர் நின்றார். வெள்ளைச் சட்டை, தோளில் மடித்த துண்டு. என்னைப் பார்த்ததும் குரலை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"மூணாவதுலேருந்து ரெண்டாவது. இப்ப ஒண்ணாவதா? அடுத்து எங்கிட்டு, பால்வாடிக்கா?"

"அப்பா, இல்லப்பா..."

"எல்லாப் புள்ளையளும் ஒக்காந்திருக்கு. ஒன்ன மட்டும் நிக்க வச்சிருக்காக. நான் பாத்தேன்டா."

"நிக்க வைக்கலப்பா. சந்தேகம் கேட்டேன். நான் ரெண்டாவதுதான். இங்க சும்மா வந்து ஒக்காருறேன்."

"சும்மா எவனாச்சும் கீழ் வகுப்புல போயி ஒக்காருவானா? யாரு ஒக்காரச் சொன்னா?"

அதே நேரம் மேடம் வகுப்பிலிருந்து வந்தார். நான் தடுப்பதற்குள் அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு அவர் முன்னால் போய்விட்டார். "அம்மா, இவன நீங்கதான் இங்கன ஒக்கார வச்சீகளா?"

மேடம் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "இல்லைங்க. அவரேதான் கேட்டார். நான் வேண்டாம்னுகூடச் சொன்னேன். அவர் விடலை."

"அவனாவா?"

"ஆமாங்க. அவராத்தான்."

மேடம் போன பிறகும் அப்பா அங்கேயே நின்றார். பிறகு மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சிமெண்டு மேடையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் வருஷப் பையன்கள் எங்களைத் தாண்டிப் போகும்போது, "வாரேண்ணே", "வாரேண்ணே" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அப்பா அவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"என்னையும் ஒருக்கா அப்புடி ஒக்கார வச்சாக" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் பள்ளிக்கூடம் போனதைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை.

"மூணாவது. வாய்ப்பாடு வரலைன்னு வாத்தியாரு ரெண்டாவதுல கொண்டுபோயி ஒக்கார வச்சாரு. ஒங்க அத்த அங்கதான் படிச்சா. எனக்கு எளையவ. அவ பக்கத்துல எடம் விட்டு ஒக்காந்துக்கிட்டா." சிரிக்கப் பார்த்தார். "மறுநாளு மாடு மேய்க்கப் போயிட்டேன். அதோட சரி."

 செகண்ட் இயர் என்று நான் சொன்ன அன்று அவர் ஏன் ஏமாற்றப்பட்டவரைப் போலக் கேட்டார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். கேன்டீனில் இருவரும் தயிர்சாதம் சாப்பிட்டோம். கூட்டத்தில் வகுப்பாசிரியர், பட்டறையில் நன்றாகச் செய்கிறான், கணக்குதான் பார்க்க வேண்டும் என்றார். அப்பா தலையாட்டிக்கொண்டார்.

பரீட்சை வந்தது. மனப்பாடமாக எதையும் எழுதக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டிருந்தேன். கணக்குத் தாளில் கேள்விகளை முழுதாகப் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் காரணம் தெரிந்துதான் அடுத்த வரிக்குப் போனேன். அதனாலேயே நேரம் போதவில்லை. பாதித் தாள் வெள்ளையாக இருக்கும்போது தாளை வாங்கிவிட்டார்கள்.

பொங்கல் கழிந்து முடிவு வந்தது. மற்றதெல்லாம் பாஸ். கணக்கு போய்விட்டது.

நான் வீட்டில் சொல்லவில்லை, நேராக மண்டிக்குப் போனேன். அப்பா தரையில் நட்ட இரும்புக் கம்பியில் தேங்காயைக் குத்தித் திருகிக்கொண்டிருந்தார். சுற்றிலும் மட்டைக் குவியல். அந்தப் பக்கம் லோடுமேன் ஒருவர் மூட்டைமேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"போச்சுப்பா. கணக்கு."

"மத்தது?"

"மத்ததெல்லாம் பாஸு." பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்து வைத்ததைச் சொன்னேன். "மாமாவுக்கு போன் பண்ணிருங்க. பேசுனபடி நான் போறேன்."

அப்பா கையில் இருந்த தேங்காயை உரித்து முடித்தார். இன்னொன்றை எடுத்தார். அதையும் உரித்தார்.

"அந்தக் கணக்க மறுபடி எழுத விடுவாகளா?"

"விடுவாக. அடுத்த பரீச்சையோட சேத்து எழுதலாம்."

"எழுதலாம்னா... அதுக்கு எங்கன ஒக்காந்து படிப்ப?"

"ஒண்ணாவதுல இப்ப அடுத்த கணக்குப் புத்தகம் ஆரம்பிச்சிருக்காக" என்றேன். சொல்லிய பிறகுதான், சிங்கப்பூர் போகிறேன் என்று சொன்ன வாயால் இதையும் சொல்கிறேன் என்று புரிந்தது.

அப்பா வேட்டியில் கையைத் துடைத்தார். போனை எடுத்து என்னிடம் நீட்டி, மாமா நம்பரைப் போடச் சொன்னார். அவருக்கு ஸ்பீக்கர் இல்லாமல் பேச வராது. மண்டி முழுக்கக் கேட்டது.

"என்ன மச்சான், ரிசல்ட்டு வந்திருச்சா? பய பாஸா?"

"இல்ல மச்சான். கணக்குல போயிருச்சு."

"அட. சரி விடுங்க, நான் இங்க கம்பெனியில சொல்லிர்றேன்..."

"சொல்ல வேணாம். அவன் வரல."

"என்ன மச்சான், நீங்கதான சொன்னீக, ஒண்ணு போனாலும்னு?"

"நாந்தான் சொன்னேன். இப்ப நாந்தான் வேணாங்குறேன்." அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். இத்தனை மாதமாக மண்டியில் ஒளித்துவந்ததை, யாரையும் பார்க்காமல் உரக்கச் சொன்னார். "அவன் ரெண்டாவதுதான் படிக்கிறான் மச்சான். டிரெய்னிங்கும் இல்ல ஒண்ணும் இல்ல. மூணாவது முடிச்சிட்டு ரெண்டாவது. கணக்கு வரலைன்னு ஒண்ணாவது புள்ளையளோட போயி ஒக்காந்துக்குறான். யாரும் ஒக்கார வைக்கல. அவனாப் போயி ஒக்காருறான். அப்புடி ஒக்காருறவன எப்புடி எந்திரின்னு சொல்றது?"

 மாமா, "சரி மச்சான். அவன் பாஸ்போர்ட்ட பத்திரமா வைங்க" என்றார்.

போனை வாங்கி வைத்தேன். லோடுமேன் பீடியை அணைத்துவிட்டு, "ஒண்ணாவதும் வரலைன்னா அடுத்து எங்கிட்டு அனுப்புவ, பால்வாடிக்கா?" என்று கேட்டார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அப்பா அடுத்த தேங்காயைக் கம்பியில் குத்தினார்.

"வேணும்னா அங்கிட்டும் போவான்" என்றார்.